மரத்தின் ஈரமும் ஒரு பென்சில் கோடும்

1. எல்லா மரமும் பச்சை

மர டிப்போவில் நான் முதல் நாள் கேட்டது ஒரே ஒரு சாமான். "கொஞ்சம் ஸ்பிரிட் கிடைக்குங்களா?"

மேனேஜர் சுப்பராவ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெங்களூர் கண்டோன்மென்டில் ரேடியோ ரிப்பேர் கற்றவன் என்று யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். வந்தவன் பழுதான கருவியைத் திறக்காமல் ஸ்பிரிட் கேட்கிறானே என்று அவருக்குச் சந்தேகம்.

யுத்த காலம் அது. ரேடியோவுக்கு வால்வு கிடைக்காமல் பெங்களூர்க் கடையை மூடிவிட்டார்கள். நான் தர்மபுரிக்குத் திரும்பி, பஜாரில் என் தகப்பனாரின் பூட்டு, குடை ரிப்பேர் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வயது இருபத்தாறு. பெயர் கரீம்.

டிப்போ நல்லம்பள்ளி போகும் சாலையில் ஊருக்கு வெளியே இருந்தது. மிலிட்டரிக்கு வண்டிச் சக்கரம் செய்து கொடுக்கும் கான்டிராக்ட். பென்னாகரம் காட்டிலிருந்தும் வத்தல்மலை அடிவாரத்திலிருந்தும் ஆச்சா, கருவேலம், வாகை எல்லாம் வந்து இறங்கும். அறுத்து, அடுக்கி, நிழலில் காய வைத்து, பிறகு சக்கரக் கொட்டகைக்குப் போகும்.

பச்சை மரத்தில் சக்கரம் செய்தால் என்ன ஆகும் என்று வண்டி வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். மரம் பிறகு காயும்போது சுருங்கும். நடுவில் இருக்கும் குடத்துக்குள் ஆரக்கால் ஆட்டம் கொடுக்கும். மேலே போட்ட இரும்புப் பட்டா தளரும். அதனால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஈரம் இருக்கும் ஆரக்காலை எடுக்கக் கூடாது என்று மிலிட்டரி ஆர்டர். ஈரத்தைப் பார்க்கச் சீமையிலிருந்து ஒரு மீட்டரும் கொடுத்திருந்தார்கள். அந்த மீட்டர்தான் மூன்று நாளாக எந்த மரத்தில் குத்தினாலும் பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தது. சுப்பராவின் மேஜைக் காலில் குத்தினாலும் பச்சை.

கருவியில் கோளாறு இல்லை. மரத்தில் குத்தும் இரண்டு எஃகு ஊசிகளும் கரண்ட் கடத்தாத ஓர் எபனைட் கைப்பிடியில் பொருத்தியிருந்தன. மாதக்கணக்கான வேர்வையும் மரப் பிசினும் அந்தக் கைப்பிடிமேல் படிந்து, கரண்ட் மரத்துக்குள் போகாமல் அழுக்கின் மேலேயே ஓடிவிட்டது. ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தேன். மேஜைக் கால் காய்ந்துவிட்டது.

"இதுக்கா மூணு நாளு வேல நின்னுச்சு?" என்றார் சுப்பராவ். அவருக்கு ஓசூர்ப் பக்கம். வீட்டில் கன்னடம். "நாளைக்கே வந்துடப்பா. மீட்டர் ஒன் பொறுப்பு."

2. ஒரு கட்டைக்கு ஒரு நிமிஷம்

இதைப் படிக்கும் தொழிற்பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த மீட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது நீங்கள் முள்ளைப் பார்க்கிறீர்கள், நம்பரைப் பார்க்கிறீர்கள். அதில் முள்ளும் கிடையாது, நம்பரும் கிடையாது. ஒரு சின்ன நியான் விளக்கு, கரண்டைச் சேர்த்து வைக்கும் ஒரு கண்டென்சர், ரேடியோவுக்குப் போடும் ஹைடென்ஷன் பாட்டரி. அவ்வளவுதான்.

மரம் காயக் காய, கரண்டைத் தடுக்கும் அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும். பத்து மடங்கு, நூறு மடங்கு என்று ஏறும். சாதாரண மீட்டரில் முள் அசையாத அளவுக்கு ஏறிவிடும். அதனால் பாட்டரியின் கரண்டை மரத்தின் வழியாகவே விட்டுக் கண்டென்சரை நிரப்புவார்கள். நிரம்பியதும் நியான் ஒரு தடவை மின்னிக் கண்டென்சரைக் காலி செய்யும். மறுபடி நிரம்பும், மறுபடி மின்னும். ஈர மரமென்றால் படபடவென்று மின்னும். காய்ந்த மரமென்றால் நீங்கள் காத்திருக்க வேண்டும். ஐந்து மின்னலுக்கு எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தில் பார்த்து, அட்டையில் எழுதியிருப்பதோடு ஒப்பிட வேண்டும். நன்றாகக் காய்ந்த ஒரு கட்டைக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதாவது, நல்ல மரம்தான் அதிக நேரம் தின்றது.

ஊசி குத்தும் வேலை முனியம்மாவுடையது. வத்தல்மலைக்காரி. அவள் புருஷன் சடையன் டிப்போவின் மாட்டு வண்டி ஓட்டினான். இருவரும் மலையை விட்டிறங்கி டிப்போவுக்குப் பின்னால் குடிசை போட்டிருந்தார்கள், சடையனின் தாயாரோடு. முனியம்மாவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது அதிகம். நான் அக்கா என்பேன், அவள் என்னைப் பாய் என்பாள். கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் அவள் ஊசியை மூன்றே தட்டில் முழுதாக இறக்குவாள். நான் தட்டினால் ஊசி வளையும்.

இருபது கட்டைக்கு ஒன்று என்று சோதித்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். பிறகு மிலிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். இளம் வெள்ளைக்காரர். எங்கேயோ வேறு டிப்போவில் வாங்கிய சக்கரங்கள் ஆட்டம் கண்டதாம். இனிமேல் ஒவ்வொரு ஆரக்காலையும் சோதித்து, சோதித்த கட்டையில் முத்திரை அடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுப்பராவ் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒரு சக்கரத்துக்கு எத்தன ஆரக்கால்? ஒண்ணொண்ணுக்கும் ஒரு நிமிஷமா? ஏனப்பா கரீம், யுத்தம் முடிஞ்சி அவனவன் வூட்டுக்குப் போன பொறவுதான் நம்ம சக்கரம் போகும். ஏதாச்சும் பண்ணு."

3. எது முந்தி மின்னுகிறது

முதலில் எல்லோருக்கும் தோன்றுவதைத்தான் செய்தேன். கண்டென்சரைச் சின்னதாகப் போட்டேன். சீக்கிரம் நிரம்பியது, சீக்கிரம் மின்னியது. ஆனால் எண்ண முடியவில்லை. முனியம்மா ஓர் எண்ணிக்கை சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். போதாக்குறைக்குப் பாட்டரி. காலையில் ஒரு வேகம், சாயங்காலம் ஒரு வேகம். அந்தக் காலத்தில் புதுப் பாட்டரிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருந்ததையே பிழிந்துகொண்டிருந்தோம்.

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புத்தி வந்தது. எனக்கு ஈரம் எவ்வளவு என்ற நம்பர் தேவையில்லை. இந்தக் கட்டை தேறுமா, தேறாதா? அது மட்டும்தான் தேவை. அதற்கு எதற்கு எண்ண வேண்டும்?

இரண்டு நியான், இரண்டு கண்டென்சர், ஒரே பாட்டரி. ஒரு பக்கம் மரத்தின் வழியாக நிரம்பும். இன்னொரு பக்கம் தெரிந்த ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாக நிரம்பும். அந்த ரெசிஸ்டன்ஸ் சரியாக மிலிட்டரி சொன்ன எல்லையில் இருக்கும் மரத்தின் அளவு. ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு கண்டென்சரும் காலியாகும். விட்டால் இரண்டும் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பிக்கும். மரத்தின் விளக்கு முந்தி மின்னினால் பச்சை. கோட்டின் விளக்கு முந்தினால் காய்ந்தது. மூன்று வினாடியில் முடிந்தது. பாட்டரி இளைத்தாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே இளைக்கும், ஓட்டத்தின் முடிவு மாறாது.

கோட்டின் விளக்கு என்றேனே, அது நிஜமாகவே கோடுதான். அவ்வளவு பெரிய ரெசிஸ்டன்ஸ் கடையில் கிடைக்காது. பெங்களூரில் பழைய ரேடியோக்காரர்கள் ஒரு வித்தை வைத்திருந்தார்கள். எபனைட் துண்டில் இரண்டு திருகாணிகளை வைத்து, நடுவில் பென்சிலால் கோடு இழுப்பார்கள். பென்சில் கரி கரண்டைக் கடத்தும். கோட்டைத் தடிப்பாக்கினால் ரெசிஸ்டன்ஸ் இறங்கும், ரப்பரால் தேய்த்து மெலிதாக்கினால் ஏறும். நான் ஆச்சா மரத் துண்டுகளை எடைபோட்டு, அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடைபோட்டு, ஈரம் இவ்வளவு என்று கண்டுபிடித்து, அதற்குச் சரியாகக் கோட்டை இழுத்துத் தேய்த்து இழுத்து ஐந்து நாளில் ஒப்பேற்றினேன். வெயிலில் நியான் கண்ணுக்குத் தெரியாது. அதனால் இரண்டு விளக்குக்கும் மேலே கறுப்படித்த தகரக் குழாய்.

கோட்டின் மேல் அரக்கு வார்னிஷ் பூசி மூட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பூசப் போனபோது சுப்பராவ் தடுத்தார்.

"ஆச்சாவுக்கு ஒரு கோடு, வாகைக்கு ஒரு கோடுன்னு நீதானே சொன்ன? நாளைக்கு மரம் மாறுனா கோட்ட மாத்த வேணாமா? பூசாதே. மூடிய மட்டும் திருகி வையி."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வேறு எபனைட் துண்டும் கைவசம் இல்லை. பூசாமல் விட்டேன்.

பெட்டி வேலை செய்தது. முனியம்மா குத்துவாள், பொத்தானை அழுத்தி விடுவாள், குழாயில் கண்ணை வைப்பாள். "காஞ்சது" என்பாள், இல்லையென்றால் கட்டையைத் திரும்ப அடுக்குக்குத் தள்ளுவாள். ஒரு நாளில் சோதித்த எண்ணிக்கையைப் பார்த்துச் சுப்பராவ் என் முதுகில் தட்டினார். சேலத்திலிருந்த முதலாளிக்கு இப்படியொரு பெட்டியைத் தானே யோசித்து, ஆளை வைத்துச் செய்ததாக எழுதினார். எனக்கு அப்போது அது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே போதுமாக இருந்தது.

4. ஊதா நிறம்

மாசி மாதத்தில் இன்னும் சக்கரம், இன்னும் சக்கரம் என்று கேட்டுக் கடிதம் மேல் கடிதம் வந்தது. ஓசூர் போன சின்ன ரயிலின் தண்டவாளத்தைப் பெயர்த்து யுத்தத்துக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மரம் வருவதும் வண்டியில், சக்கரம் போவதும் வண்டியில். எங்கள் பெட்டியில் மூன்றுக்கு ஒன்று பச்சை என்று திரும்பிக்கொண்டிருந்தது. சுப்பராவுக்குப் பெட்டியின் மேல் இருந்த பிரியம் போய்விட்டது.

ஒரு நாள் முனியம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"பாய், இத கொஞ்சம் தூக்கிப் பாருங்க."

ஆரக்கால் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். கனத்தது.

"போன வாரம் மலயிலேர்ந்து எறங்குன மரங்க இது. எங்க வூட்டுக்காரருதான் ஏத்தியாந்தாரு. இதப் போயி காஞ்சதுன்னுது வெளக்கு. ஒரு வாரத்துக்கு மேலயே இப்பிடித்தாங்க. எதக் குத்துனாலும் காஞ்சது, காஞ்சதுன்னுது. ஒண்ணு கூட திரும்பறதில்ல."

எனக்கு அப்போது வேலை மாற்றியிருந்தார்கள். அறுவை மிஷின் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பெட்டிப் பக்கம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன்.

என் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு போட்டிருந்தது. முதலில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, தடிப்பு மட்டும்தான் தெரிந்தது. விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தேன். விரல் ஊதாவாகியது. காப்பியிங் பென்சில். ஈரம் பட்டால் ஊதாவாகும் அந்தப் பென்சில் டிப்போவிலேயே ஒருவர் கையில்தான் இருந்தது. முத்திரை ரசீதுகளில் சுப்பராவ் அந்தப் பென்சிலால்தான் கையெழுத்துப் போடுவார்.

கோடு தடித்தால் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். கோட்டின் விளக்கு முந்தி மின்னும். மரம் எப்படி இருந்தாலும் காய்ந்ததாகிவிடும். இதை அவருக்கு விளக்கிச் சொன்னவனே நான்தான். பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று அவர் ஆசையாகக் கேட்க, நானும் ஆசையாகச் சொல்லியிருந்தேன்.

விரலோடு நேரே அவர் அறைக்குப் போனேன். அவர் விரலைப் பார்த்தார், மறைக்கவில்லை.

"உக்காரு. மாசக் கடைசிக்குள்ள சக்கரம் போகலன்னா கான்டிராக்ட் வேற ஆளுக்குப் போயிடும். இங்க நாப்பது குடும்பம் சாப்புடுது. கொஞ்சம் ஈரம் இருந்தா என்ன, சக்கரத்துல இருந்தே காஞ்சிட்டுப் போவுது. எங்க தாத்தா காலத்துல மீட்டர் வச்சா சக்கரம் செஞ்சாங்க?"

"சக்கரத்துல இருந்து காஞ்சா ஆரக்கால் ஆடுங்க. அதுக்குத்தானேங்க சோதிக்கச் சொல்லியிருக்காங்க?"

"சும்னிரு," என்றார். சும்மா இரு என்று கன்னடத்தில். குரலை உயர்த்தவில்லை. "பெட்டி செஞ்சது நீ. கோடு போட்டது நீ. மிலிட்டரி சாமானக் கெடுத்தான்னு நான் ஒரு வரி எழுதுனா ஒன்ன எங்க கொண்டு போவாங்கன்னு தெரியுமில்ல?"

தெரியும். யுத்த காலத்தில் ஜெயிலில் போட விசாரணை கூட வேண்டாம்.

வெளியே வந்தேன். ஊதாக் கோட்டை ரப்பரால் சுத்தமாகத் தேய்த்தெடுத்து, என் பழைய கோட்டைச் சரி செய்து, தேறிய துண்டு ஒன்றை வைத்துப் பார்த்து மூடியைத் திருகினேன். மேலே அரக்கு வைத்தேன். அதைச் செய்ய யாரையும் கேட்கவில்லை. சுப்பராவும் அதற்குப் பிறகு பெட்டியைத் தொடவில்லை. தேவையான ஆரக்கால்கள் ஒன்பது நாளில் முத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தன.

சக்கரக் கொட்டகைக்கும் போனேன். பொன்னுசாமி ஆசாரி ஆரக்கால் சீவிக்கொண்டிருந்தார். மரம் ஈரமா என்று கேட்டதும் கையை நிறுத்தினார்.

"சீவறப்பவே தெரிஞ்சுதுங்க பாய். தூள் வரல, சுருள் சுருளா வருது. மேனேஜர்கிட்ட சொன்னேன். ஒனக்குத் தெரியுமா, வெளக்குக்குத் தெரியுமான்னு கேட்டாரு. நான் என்னாத்த சொல்ல?"

"மாட்டுனதக் கழட்ட முடியுங்களா?"

"குடத்த ஒடச்சாத்தான் முடியும். அவரு ஒடைக்கச் சொல்லுவாருங்களா?"

நான் திரும்பி மோட்டாரிடம் போய்விட்டேன். முனியம்மா கேட்டபோது, "சரி பண்ணிட்டேன் அக்கா" என்று மட்டும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வருவார், அவராகக் கண்டுபிடிப்பார் என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் வந்தார். முத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

5. தொப்பூர் இறக்கம்

பங்குனியில் எங்கள் டிப்போ வண்டியின் சக்கரம் தேய்ந்துபோனதென்று புதுச் சக்கரம் ஒரு ஜோடி மாட்டினார்கள். மிலிட்டரிக்குச் செய்த லாட்டிலிருந்து எடுத்ததுதான். அது எனக்குத் தெரியும். மாட்டும்போது பட்டறையில் நானும் நின்றுகொண்டிருந்தேன்.

சித்திரை வெயில் அந்த வருஷம் கடுமை. சடையன் சேலத்துக்கு இரண்டு நடை போய் வந்தான். மூன்றாம் நடைக்கு ஏற்றும்போது சுப்பராவிடம் சொன்னான், நானும் பக்கத்தில் இருந்தேன்.

"எடப்பக்கத்துச் சக்கரம் கடகடங்குதுங்க சாமி. ராவெல்லாம் தண்ணியில போட்டு வச்சிப் பாத்தேன். வெயில் ஏறுனா திரும்ப ஆடுது. ஆசாரிகிட்ட ஒரு தபா காட்டிட்டுப் போறேங்க."

"ரயில் வேகன் இன்னிக்கி நிக்கும், நாளைக்கி நிக்காது. இத எறக்கிட்டு வா, மாத்திக்கலாம்."

சடையன் என்னைப் பார்த்தான். நான் சக்கரத்தைப் பார்த்தேன். ஆரக்காலுக்கும் குடத்துக்கும் நடுவே வெற்றிலைக் காம்பு நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. சடையன் நுகத்தடியைத் தூக்கி மாடுகளைப் பூட்டினான்.

தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் இடது சக்கரம் மடங்கியது. பாரம் சரிந்து, முன்னால் நடந்து மாடுகளைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்த சடையன் மேல் வண்டி சாய்ந்தது. பின்னால் வந்த புளி வண்டிக்காரர்கள் தூக்கியிருக்கிறார்கள். மேலே கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. ஒரு மாட்டின் கால் முறிந்திருந்தது. அதையும் பிறகு பிழைக்க வைக்க முடியவில்லை.

உடைந்த சக்கரத்தை இன்னொரு வண்டியில் போட்டு டிப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆரக்கால்கள் குடத்திலிருந்து கையால் உருவினாலே வந்தன. ஒவ்வொன்றிலும் முத்திரை தெளிவாக இருந்தது.

6. கேட்ட கேள்வி

பதினோராம் நாள் விசாரணை வைத்தார்கள். சேலத்திலிருந்து முதலாளியின் ஆள் ஒருவர், கிராம முன்சீப், மிலிட்டரி இன்ஸ்பெக்டர், சுப்பராவ். மரத்தடியில் மேஜை போட்டிருந்தது. இன்ஸ்பெக்டருக்குச் சுப்பராவே இங்கிலீஷில் சொன்னார்.

பெட்டி சரியாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இன்ஸ்பெக்டரே ஒரு காய்ந்த துண்டையும் ஒரு பச்சைத் துண்டையும் கொண்டுவந்திருந்தார். குத்திப் பார்த்தார். பெட்டி சரியாகச் சொன்னது. அரக்கு முத்திரையும் உடையாமல் இருந்தது. என் கையாலேயே நான் சாட்சியை அழித்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

பெட்டி சரி என்றால் ஆள்தான் தப்பு. முனியம்மாவைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள். மாமியாரும் கூட வந்து கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஊசிய முழுசா எறக்குனியா?" என்று முன்சீப் கேட்டார்.

"முழுசாத்தாங்க சாமி. நான் எப்பவும் அரையில விடறதில்லீங்க."

"பொம்பள கை," என்றார் சுப்பராவ், யாரிடமும் இல்லாமல். "மத்தியானத்துக்கு மேல ஓஞ்சி போயிருக்கும். பாவம், வேணும்னு செய்யல."

முனியம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

முதலாளியின் ஆள் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே பெட்டி செஞ்சவரு? ஊசி மேலாகக் குத்தினா, உள்ளே ஈரமா இருக்கிற மரத்தைக் காஞ்சதுன்னு காட்டுமா?"

மரம் வெளியிலிருந்துதான் காயும். மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். ஊசி பாதியில் நின்றால் மேல்தோலின் அளவைத்தான் எடுக்கும். எந்த எலெக்ட்ரீஷியனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

"காட்டுங்க," என்றேன்.

"அவ்வளவுதான்," என்றார் அவர்.

அவ்வளவுதான். வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஊசி சரியாகக் குத்தப்படாததால் ஈர மரம் தேறிவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். முனியம்மாவைக் கட்டைவிரல் வைக்கச் சொன்னார்கள். மை தொட்டு வைத்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. அவளும் மாமியாரும் அந்த வாரமே குடிசையைக் காலி செய்தார்கள்.

இன்ஸ்பெக்டர் போகும்முன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்டி ரொம்பச் சாமர்த்தியமாக இருக்கிறதென்று சொன்னதாகச் சுப்பராவ் மொழிபெயர்த்தார். இன்னும் இரண்டு டிப்போக்களுக்கு அதே போல் பெட்டி செய்து தரச் சொன்னார்கள். செய்து கொடுத்தேன். அவற்றில் கோட்டுக்கு வார்னிஷ் பூசினேன். யுத்தம் முடியும்வரை அங்கேயே வேலை பார்த்தேன். சுப்பராவோடு ஒரே பானையில் தண்ணீர் குடித்தேன், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போனேன்.

7. பாப்பாரப்பட்டிச் சந்தை

சுதந்திரம் வந்த பிறகு பாப்பாரப்பட்டியில் ஒருவர் வீட்டு ரேடியோவைச் சரி செய்யப் போனேன். சந்தை நாள். சாமை, தேன், கடுக்காய் வைத்திருந்த மலைக்காரர்களின் வரிசையில் முனியம்மா உட்கார்ந்திருந்தாள். தாண்டிப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளே கூப்பிட்டாள்.

"பாய், நல்லாருக்கீங்களா? வூட்டுல அல்லாரும் சொகமா?"

எதிரே குந்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு அடக்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோடு, ஊதாப் பென்சில், சுப்பராவ் மிரட்டியது, நான் அழித்தது எல்லாம். அவள் சாமையில் கிடந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நான் முழுசாத்தான் குத்துனேன்," என்றாள்.

"தெரியும் அக்கா."

"ஒங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியுங்க. அதனாலதான் அன்னிக்கி ஒங்கள பாத்தேன்."

அவளுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. சந்தையில் நின்று விலை சொல்லும் குரலில்தான் பேசினாள்.

"வேல போனது போவட்டுங்க. மலயில காடு இருக்குது, பொழச்சிக்கிட்டோம். எங்க மாமியாதான். நீ ஒழுங்கா குத்தியிருந்தா எம்புள்ள இருந்திருப்பான்னு தெனம் சொல்லும். சோறு போட்டாலும் சொல்லும், தண்ணி குடுத்தாலும் சொல்லும். நான் சொன்னா நம்பல. பெட்டி செஞ்ச பாயே சொல்லிட்டாருன்னு சொல்லும். நீங்க ஒரு நட மேல வந்து, அப்பிடி இல்ல ஆயான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

"இப்ப வர்றேன் அக்கா. இன்னிக்கே வர்றேன்."

"யாருகிட்ட சொல்லுவீங்க? அது செத்து ரெண்டு வருசமாச்சு. சாவறப்பவும் அதத்தான் சொல்லிச்சு."

சாமை வாங்க ஓர் ஆள் வந்தான். அவள் படியை எடுத்து அளக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் எத்தனையோ மீட்டர்களைச் செய்தேன், பழுது பார்த்தேன். சர்க்யூட்டை வேகமாக்குவது கஷ்டமில்லை. நீங்கள் என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். அளவுக்கு ஆதாரமாக இருக்கும் பாகத்தை மூடி முத்திரை வையுங்கள் என்பது நான் கற்ற சின்னப் பாடம். அதைப் புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள்.

இன்னொன்றைப் புத்தகத்தில் போடுவதில்லை. என்றாவது ஏதாவது உடைந்து, யாருக்காவது அடிபட்டு, கருவி தெரிந்தவன் என்று உங்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். கேட்கிறவர் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்பார். நீங்கள் அதற்கு மட்டும் சரியான பதில் சொல்லிவிட்டு, பொய் சொல்லவில்லை என்று வீட்டுக்குப் போகலாம், நான் போனது போல. ரிப்போர்ட் பாரத்தின் கடைசியில் "வேறு ஏதேனும் உண்டா" என்று ஒரு வரி இருக்கும். எல்லோரும் அதில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த வரியில் எழுதுங்கள்.